ஒருத்தராலும் வகுக்க முடியாத எண்

டுடோரியல் காலேஜ் வாத்தியார் வேலை என்பது, அடுத்தவன் பெயிலானால்தான் நமக்குச் சோறு என்கிற புண்ணியத் தொழில். எழுபதுகளின் கடைசியில் மதுரையில், ஒரு புரோட்டாக் கடையின் மாடியில், கொத்துப் புரோட்டா சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கணக்கு நடத்தினேன். முதலாளியிடம் மாட்டி முழி பிதுங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மொய் மாதிரி ஒரு எண்

எங்கள் பிரின்சிபாலுக்கும் கணக்குக்கும் உள்ள சம்பந்தம் பீஸ் வாங்குவதோடு சரி. அட்மிஷன் படுத்துவிட்டதால் போட்டி வைக்கத் தீர்மானித்தார். போஸ்டரில் ஒரு பெரிய எண் இருக்கும். அதை மீதி வராமல் வகுத்துக் காட்டுகிறவருக்கு ஒரு வருஷம் பீஸ் இல்லை. ஆனால் ஒருத்தனும் வகுத்துவிடக் கூடாது. என்ன ஒரு தாராளம்!

நான் 99,99,991-ஐக் கொடுத்தேன். ஏழு இலக்கத்தில் இதைவிடப் பெரிய பகா எண் கிடையாது. மூவாயிரத்துச் சொச்சம் வரைக்கும் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்து விரல் வீங்கிப் போனேன். அவருக்குப் பிடித்ததோ கடைசியில் நிற்கிற ஒன்று. மொய்ப்பணம் மாதிரி மங்களமாக இருக்கிறதாம். என் மனைவி நிறைமாசம் என்று தெரிந்துகொண்டேதான் அடுத்ததைச் சொன்னார்: "எவனாச்சும் வகுத்துட்டான்னா, மறுநாள்லருந்து நீங்க வர வேணாம் சார்."

வாடிப்பட்டிக்காரரின் யோசனை

போஸ்டரைப் பார்த்துவிட்டு, மகனைச் சேர்க்க வாடிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். இது ஒற்றைப்படை, இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்தைந்து, அதனால் மூன்றாலும் போகாது என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்புட்டும் ஒம்போதா இருக்கு, கடைசியில எதுக்கு ஒண்ணு? அதையும் ஒம்போதாக்கிருங்க சார், நான் மூணாலயே வகுத்துட்டுப் போறேன்."

முத்துப்பாண்டியின் விடை

முத்துப்பாண்டி என் மாணவன். கணக்கில் நாலு தடவை கோட்டை விட்டவன். ஒருநாள் நேராகப் பிரின்சிபாலிடம் போய், 'ஒன்றால் வகுத்தால் மீதி வராது' என்று எழுதி நீட்டிவிட்டான். செல்லாது என்று அவர் குதித்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, 'தப்பு' என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார்.

எந்தப் பகா எண்ணும் ஒன்றாலும் அதே எண்ணாலும் வகுபடும். முத்துப்பாண்டியின் மண்டையில் நான் ஏற்றிய ஒரே பாடம் அதுதான். 'அந்த இரண்டும் நீங்கலாக' என்று நான் எழுதிக் கொடுத்த வரியை, போஸ்டரில் தன் போட்டோ பெரிதாக வர வேண்டும் என்று பிரின்சிபாலே வெட்டியிருந்தார். அத்தனை பேர் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. விடை சரி என்றேன். வேலை அங்கேயே போனது. படியிறங்கும்போது முத்துப்பாண்டி பின்னாலேயே ஓடி வந்தான்: "பீஸுதான் இல்லைன்னுட்டாங்க, இப்ப வாத்தியாரும் இல்லைன்னா நான் எப்பிடி சார் பாஸாகுறது?"

உண்மையைச் சொன்னேன் என்று ஊரே மெச்சியது, மகள் பிறந்து பேர் வைக்கிற வரைக்கும் ஒருத்தர்கூட வேலை மட்டும் தரவில்லை.