படுவான்கரை மின்னலைப் பிடிக்கப் போன மூன்று பயணங்கள்

போர் முடிந்த வருடம் அது. வைகாசியில் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்து அந்த மார்கழியோடு ஐந்து வருடம் நிறைந்தது. பொழுதுபட்ட பிறகும் வாவியில் தோணி விடலாம் என்று அனுமதித்ததும், என் இரண்டாவது மகளுக்குக் கடைசிப் பிள்ளை பிறந்ததும் அதே வருடம்தான். ஆகவே எனக்கு வருடம் பிசகாது. அந்த ஐப்பசியில்தான் நானும் வின்சன் அண்ணனும் மின்னலைப் படம் எடுக்கவென்று மூன்று தரம் புறப்பட்டோம்.

நான் வாவியில் மீன் பிடித்த ஆள், எழுத்து எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகன் தட்டுகிறார். மட்டக்களப்பில் மின்னலைப் படம் எடுக்க எங்கே போகலாம், எந்த மாதம் நல்லது என்று அவருடைய இந்த வலைப்பதிவுக்கு ஆட்கள் கேட்டு எழுதுகிறார்களாம். அவரோ மின்னினால் சன்னலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற ஆள். அதனால் இந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

முதலில் மாதம். பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை முழுக்க ஒரு தவணை. புரட்டாதிக் கடைசியிலிருந்து ஐப்பசி முழுக்க இன்னொரு தவணை. கார்த்திகை பிறந்தால் அடைமழைதான், மின்னல் குறைந்துவிடும். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருப்பதை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் பக்கம் இருப்பதைப் படுவான்கரை என்றும் சொல்வோம். முகில் எப்போதும் படுவான் பக்கத்து மலைகளுக்கு மேலேதான் எழும்பும். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி, நாலு மணிக்கெல்லாம் கோபுரமாய் நிற்கும். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் வாவியைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

வின்சன் அண்ணன் பறங்கி ஆள், போர்த்துக்கீசர் வழியில் வந்தவர். பட்டினத்தில் சிறிய ஸ்ரூடியோ ஒன்று வைத்திருந்தார். டச்பார் கடற்கரையில் இருந்த அவருடைய வீட்டைக் கடல் கொண்டுபோனது. வீட்டோடு மனைவி டெல்சி அக்காவும், நாற்பது வருடத்துப் படச் சுருள்களும் போயின. அதற்குப் பிறகு நாவற்குடாவில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். மெல்பேர்னில் இருந்த மகள் மார்கழிக்கு விமான ரிக்கற் அனுப்பிவிட்டாள். போனால் திரும்பி வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போவதற்கு முன் வாவியும் மின்னலும் சேர்ந்த ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஆசை என்பதைவிடப் பிடிவாதம் என்று சொல்லலாம். மின்னுகிற நேரம் மாலை. அந்த நாளில் மாலையில் கமராவோடு வெளியே நின்றால் யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அப்படியே முப்பது வருடம் போய்விட்டது. "சீனித்தம்பி, இவ்வளவு காலமும் அடையாள அட்டைக்கு ஐ.சி படம்தான் எடுத்தன். நேர பாருங்க, காது தெரியிறமாதிரி இரிங்க எண்டு சொல்லியே வாய் புளிச்சிற்று. முகமே இல்லாத படம் ஒண்டு எடுத்துப்போட்டுத்தான் பிளேன் ஏறுவன்" என்றார்.

முதல் பயணம் கல்லடிப் பாலத்துக்கு. வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர்தான். அவருடைய பழைய ஹொண்டாவில் அவர் முன்னால், கமராவின் முக்காலியை அணைத்துக்கொண்டு நான் பின்னால். பாலத்தில் முக்காலியை விரித்ததும் காவலுக்கு நின்றவர்கள் வந்துவிட்டார்கள். பாலத்தைப் படம் எடுக்கக் கூடாதாம். பாலத்தை அல்ல, வானத்தை என்று அண்ணன் விளங்கப்படுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் முகில் எங்கள் தலைக்கு மேலால் போய்விட்டது. இன்று அங்கே மாலையில் சனம் காற்று வாங்க நிற்கிறது. ஒருவரும் மறிப்பதில்லை.

இரண்டாவது உன்னிச்சைக் குளம். வவுணதீவு வழியாக முப்பது கிலோமீற்றருக்குள் வரும். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் முக்காலியை நெடுநேரம் பார்த்தான். அண்ணன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். உடனே அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றான், தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லி. குளக்கட்டில் மூன்று மணியிலிருந்து இருந்தோம். முகில் குளத்துக்கு மேலேதான் வரும் என்று அடித்துச் சொன்னவன் நான். அது இரண்டாகப் பிரிந்தது. பெரிய பாதி செங்கலடிப் பக்கம் போய்க் கொட்டியது. எங்களுக்கு ஒரு துளியும் இல்லை. திரும்பும்போது, "நீ மீனுக்குத்தான் சரி, வானத்துக்குச் சரிவரமாட்டாய்" என்று அவர் வழி முழுக்க நக்கலடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், வானம் சும்மா கிடந்தது. ஒருநாள் காலையில் வானொலியில், கடலில் தாழமுக்கம், நாளையிலிருந்து அடைமழை என்றார்கள். அன்று விட்டால் அவருக்கு இனி மின்னல் இல்லை. மத்தியானமே புறப்பட்டோம்.

இந்த முறை யோசனை அவருடையது. முகிலுக்கு முன்னால் நின்று காத்திருந்தது பிழை. படுவான்கரையில் வாவியை ஒட்டி நின்றுகொண்டு, அது எங்களைக் கடந்து போகவிட்டுப் பின்னாலிருந்து எடுத்தால் வாவியும் மின்னலும் சேர்ந்து விழும். நாவற்குடாவிலிருந்து தெற்கே பத்துக் கிலோமீற்றர் போய் மண்முனையில் திரும்பினோம். அப்போது அங்கே பாலம் இல்லை, பாதைதான். தட்டையான மிதவை ஒன்றை ஆட்களோடும் வண்டிகளோடும் அக்கரைக்குக் கொண்டுபோவார்கள், அதைத்தான் பாதை என்போம். மோட்டார் சைக்கிளோடு இரண்டு பேருக்கும் இருபது ரூபாய். இன்று பாலத்தால் மூன்று நிமிடத்தில் கடந்துவிடலாம்.

அக்கரையில் இறங்கி, மகிழடித்தீவுக்குப் போகும் முன்பே இடது கைப்பக்கம் ஒரு மண் பாதை. அதால் போனால் வாவிக் கரையில் பெரிய வட்டை, அதாவது ஒரே வெளியாய்க் கிடக்கும் வயல்நிலம். விதைத்துப் பதினைந்து நாள் இருக்கும், பயிர் விரல் உயரம். நடுவில் ஓலை வேய்ந்த காவல் வாடி ஒன்று. அதில் மாடு இறங்காமல் காவல் இருந்த பெண்ணின் பெயர் பாக்கியம். வயது முப்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை. எப்படி இல்லாமல் போனான் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. மழைக்கு ஒதுங்கலாமா என்று மட்டும் கேட்டோம். "இரிங்க, தேத்தண்ணி கொதிக்கிது" என்றாள்.

முக்காலியை வாடியின் வாசலில், வாவியைப் பார்க்க வைத்தார் அண்ணன். இருள் தொடங்கியதும் கமராவின் கண்ணைத் திறந்து, மூடாதபடி பூட்டிவிட்டார். மின்னல் எப்போது வரும் என்று தெரியாததால் கண் திறந்தே காத்திருக்க வேண்டுமாம்.

முதலில் காற்று நின்றது. பிறகு தவளைச் சத்தம் நின்றது. பயிருக்கு மேலே எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மஞ்சள் வெளிச்சம். வாவி ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. பின்னால் படுவானிலிருந்து ஆயிரம் மாடு நடந்து வருகிற மாதிரி மழையின் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. முதல் வெட்டு வெட்டியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மின்னினால் வீட்டுக்குள் இருக்கும் இரும்பை எல்லாம் வெளியே போட்டுவிடுவார்கள், இடி வந்தால் அதில் விழட்டும் என்று. பாக்கியம் மண்வெட்டியை எறிந்தாள், கத்தியை எறிந்தாள், சமையல் கிடாரத்தையும் உருட்டிவிட்டாள். பிறகு முக்காலியைப் பார்த்தாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் கமராவோடு தூக்கிக்கொண்டுபோய் மழைக்குள் வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

அண்ணன் எழும்பினார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"பிள்ள, அது என்ட கமரா."

"கமரா போனா வேற வாங்கலாம். ரெண்டு கிழவனும் என்ட வாடிக்குள்ள செத்துக் கிடந்தா நான் ஊருக்கு என்னெண்டு சொல்லுற?"

அடுத்த வெட்டு இருநூறு யார் தூரத்தில் நின்ற பனையில் விழுந்தது. காதில் சத்தம் கேட்கவில்லை. நெஞ்சில்தான் இடித்தது. பச்சை மரம் எரிகிற மணம் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் எழும்பவில்லை.

என் சித்தப்பனை வாவியில் தோணிக்குள்ளேயே மின்னல் அடித்துக் கொன்றது. அதிலிருந்து எனக்கு மின்னல் என்றால் பயம். மின்னல் மேலிருந்து கீழே விழுவது என்றுதான் அறுபது வருடமும் நினைத்திருந்தேன். அன்று அது வானத்தில் படுத்தபடி ஓடியதைக் கண்டேன். படுவானில் தொடங்கி எங்கள் தலைக்கு மேலால் கடல் வரைக்கும், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, ஆலம் வேர் மாதிரி. ஒவ்வொரு வெட்டுக்கும் அக்கரைத் தென்னைகள் எண்ணலாம் போலத் தெரிந்தன. வலை கட்டிய கம்புகளும், கம்பில் இருந்த நீர்க்காகமும் தெரிந்தன. மறுகணம் ஒன்றுமில்லை, கறுப்பு. பயப்படுவதற்கும் ஓர் அளவு வேண்டும். இது அந்த அளவைத் தாண்டிவிட்டது. எனக்குப் பயமே வரவில்லை. மூன்று பேரும் வாசலில் இருந்து அண்ணாந்து பார்த்தபடி இருந்தோம்.

காற்று முக்காலியைத் தள்ளிவிட்டது. கமரா முகம் குப்புறச் சேற்றில் விழுந்தது. மழை விட்டதும் அண்ணன் போய் எடுத்தார். உள்ளே தண்ணீர். சட்டையால் துடைத்தார், குலுக்கினார், பிறகு கையில் சும்மா வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அவர் நினைத்துவந்த காட்சி வந்தது. முகில் வாவிக்கு மேலே போய் நின்றுகொண்டு, எங்களுக்கு முன்னாலேயே மின்னல்களை ஒவ்வொன்றாய் இறக்கியது. ஒவ்வொன்றும் தண்ணீரிலும் தெரிந்தது. அரைமணி நேரம். எடுக்கக் கமரா இல்லை. சேற்றில் கணுக்கால் புதைய நின்று அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். நானும் பாக்கியமும் பக்கத்தில் நின்றோம்.

"டெல்சி பாத்திரிக்கோணும்" என்றார். அவ்வளவுதான்.

நான்காம் நாள், அடைமழைக்குள், ஸ்ரூடியோவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சுருளில் தண்ணீர் போகாத ஒரே ஒரு படம் மிஞ்சியிருந்தது. கமராவின் கண் திறந்தபடியேதான் பாக்கியம் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவசரத்தில் வாவியைப் பார்க்க வைக்காமல் வாடியைப் பார்க்க வைத்திருக்கிறாள். படத்தில் மின்னல் இல்லை. மின்னலின் வெளிச்சத்தில் ஓலையும், கோடு கோடாய் மழையும், வாசலில் வாயைத் திறந்தபடி அண்ணாந்திருக்கும் நாங்கள் மூன்று பேரும்தான். கோயிலில் சாமி வெளியே வரும்போது சனத்தின் முகம் அப்படித்தான் இருக்கும்.

அண்ணன் கனநேரம் பார்த்தார். "கடைசியிலயும் முகம்தான்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு மூன்று பிரதி போட்டார். பாக்கியத்திடம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "நான் இவ்வளவு வாயத் துறந்துக்கிட்டா இருந்த? ஒருத்தருக்கும் காட்டிராதீங்க" என்றாள். மார்கழியில் அவர் போனார். தன் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோனது அந்த ஒரு படத்தைத்தான்.

இனி போகிறவர்களுக்கு. பட்டினத்திலிருந்து மண்முனை வட்டைக்குப் பதினைந்து கிலோமீற்றர் வரும். முச்சக்கரவண்டியை அரை நாளுக்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குப் பேசிக்கொள்ளலாம். இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் முப்பது எண்ண முடியாவிட்டால் கமராவை விட்டுவிட்டுக் கல் வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். முச்சக்கரவண்டி அதற்கு உதவாது. நாங்கள் செய்ததுபோல வெளிக்குள் வாடியில் இருக்கவேண்டாம், அதைவிட ஆபத்தான இடம் இல்லை. இரும்பை வெளியே போட்டதால் நாங்கள் தப்பவில்லை, தப்பினோம், அவ்வளவுதான். முகில் உங்களைக் கடந்து வாவிக்குப் போன பிறகு எடுங்கள். அதில் வின்சன் அண்ணன் சொன்னது சரி. எடுத்து முடிந்ததும் கமராவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள்.

அண்ணன் நான்கு வருடத்துக்கு முன்னால் மெல்பேர்னில் கண்ணை மூடினார். படம் அவருடைய கட்டில் தலைமாட்டில்தான் மாட்டியிருந்தது என்று மகள் ரெலிபோனில் சொன்னாள். எனக்கு எண்பது கடந்துவிட்டது, ஒரு கண் பார்வை இல்லை. நானும் போய்விட்டால், அந்த மழையைப் பார்த்த ஆள் என்று மிஞ்சப்போவது பாக்கியம் ஒருத்திதான்.