சடையிலிருந்து எடுத்த பூ

எங்கள் வேலம்பாளையம் வீட்டுக்கும் அதன் பின்னால் இருந்த அப்பாவின் பனியன் கம்பெனிக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். அதன் கிளையில், தோல் வார் மாதிரி தடித்த இலைகளோடு ஒரு செடி உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு அது புல்லுருவி. சாற்றை உறிஞ்சி உறிஞ்சி ஒருநாள் மரத்தையே காயவைத்துவிடும். எனக்கு அது ஆர்க்கிட். வேர் மரத்துக்குள் இறங்கவில்லை, பட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றில்தான் தொங்குகிறது, மரத்திடம் ஒரு சொட்டுக்கூட வாங்குவதில்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். அப்பா மசியவில்லை.

"அது பேரென்னன்னு சொல்லு கண்ணு, உட்டர்றேன். பேரே தெரியாததுக்கு என்ன வக்காலத்து?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கோயமுத்தூரில் தாவரவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேனே தவிர, இலையை மட்டும் பார்த்து எந்த ஆர்க்கிட் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பூ வேண்டும். அந்தக் கோடையில் ஒரே ஒரு பூந்தண்டு விட்டது. அது விரிந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பெண் பார்க்கக் குன்னத்தூரிலிருந்து வருகிறார்கள் என்றார்கள். கம்பெனி லீவு என்பதால், சாயங்காலம் புல்லுருவியை வெட்ட ஓர் ஆளுக்கும் அப்பா சொல்லிவைத்திருந்தார். வந்தவர்கள் கிளம்பியதும் பூவைப் பறித்து, ஆள் வருவதற்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

மத்தியானம் அத்தை, அப்பாவின் அக்கா, எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னலை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. பெண் பார்க்கும் சடங்கின்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை!

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, நான் சவுரி வைத்திருக்கிறேனா என்று பார்ப்பதற்காகத் திரும்பி நிற்கச் சொன்னார். பின்னலை ஒரு இழுப்பு இழுத்துத் திருப்தி அடைந்துவிட்டுக் கேட்டார்: "இதென்ன பூ அம்மிணி? கண்டதே இல்லையே."

கையைப் பின்னால் கொண்டுபோனேன். மல்லிகைச் சரத்துக்குள் தடித்த இதழ் தட்டுப்பட்டது. மரத்தில் சும்மாதானே இருந்தது, வாசமாக வேறு இருந்தது என்று சிரித்தார் அத்தை. தண்டோடு ஒடித்து எல்லாவற்றையும் என் சடையில் செருகியிருக்கிறார். பாதி கசங்கிவிட்டது. சாயங்காலம்வரை இருந்தால் மீதியும் போய்விடும்.

எனக்கு வந்ததே கோபம்! அத்தனை பூவையும் உருவினேன். அங்கேயே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, கசங்காத ஒன்றைத் தட்டில் வைத்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். பூவின் நடுவில் இருந்த சின்ன மூடியை ஊக்கு முனையால் தள்ளியதும் மகரந்தம் வெளியே வந்தது. தூளாக இல்லை; ஒரே சிறு நாடாவில் ஒட்டிய இரண்டு மஞ்சள் உருண்டைகள். உதடு மாதிரி நீண்ட இதழ் ஊதா, அதன் பின்னால் குட்டையாக ஒரு கூம்பு. மற்ற இதழ்களில், பனியன் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் பின்னல் கண்ணிபோலப் பழுப்புக் கோடுகள். எழுந்து போய்த் தாவரவியல் புத்தகத்தை எடுத்து வந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இதன் பேரைக் கண்டுபிடிக்கணுமுங்க என்றேன். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அவருடைய அம்மா அவர் தொடையில் தட்டி உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"பொண்ணு பாக்க வந்த எடத்துல, தலைல வெச்ச பூவைப் பிச்சுப் போடறயே அம்மிணி. பேரு தெரியாட்டி அது பூக்காதாக்கும்?"

"பூக்குமுங்க. ஆனா பேரு தெரியலீன்னா வெட்டிப் போட்டர்றாங்களேங்க" என்றேன்.

போட்ட இலையில் கை நனைக்காமல் வந்தவர்கள் எழுந்து போனார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நல்ல இடம் கெட்டது என்றார். இனி எவன் வருவான் என்றார். வராவிட்டால் போகட்டும் என்று நானும் சொன்னேன். பயமாகத்தான் இருந்தது, அதற்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ள முடியுமா?

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் வந்து நின்ற ஆளின் அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பேரு என்ன கண்ணு?"

"வாண்டா டெசலேட்டாங்க."

அவர் வாயில் அது நுழையவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். வந்த ஆளிடம், "அதுக்குப் பேரு இருக்குதப்பா. எம்பட புள்ள கண்டுபுடிச்சிருக்குது. காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.