ஒரு பிடி சாம்பல்

கல்யாணமான புதிதில், ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய எங்கள் ரேஸ் கார் திருவொற்றியூர் ரயில் பாதையில் ஏறி நின்றுவிட்டது. எஞ்சின் அலறியது, சக்கரம் தண்டவாள இடுக்கிலிருந்து நகரவில்லை. தூரத்தில் ரயில் கூவியது.

"எஞ்சின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற கிளட்ச் தோல்ல எண்ணெய் ஏறி வழுக்குது. நீ எறங்கி ஓடு," என்ற கணவர் தான் மட்டும் இறங்கவில்லை.

சாலையோரம் ஒரு மீன்காரம்மா, கை வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டு விலாங்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டில் நானும் அப்படித்தான் அறுப்பேன். அதைப் புகுந்த வீட்டில் சொன்னதில்லை. ஓடிப்போய் சாம்பலை அள்ளினேன்.

"இன்னாம்மா, மொத்தத்தையும் தூக்கினு போற?"

திரும்பிக் காருக்கு ஓடினேன்.

"காலடிப் பலகையைத் தூக்குங்க, பெடலை மிதிங்க," என்று அவரிடம் கத்தி, கிளட்ச் தோலின்மேல் சாம்பலைக் கொட்டிவிட்டு விலகினேன். அவர் பெடலை விட, கார் குதித்து அப்பால் இறங்கியதும் ரயில் கடந்தது.

வீடுவரை அவர் என் சாம்பல் கையைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினார். மீன்காரம்மாவிடம் சாம்பல் அள்ளியதில் கௌரவம் போனதென்று கோபமோ எனப் பயந்தேன்.

மறுநாள் கார் இருக்கைக்கடியில் ஒரு டப்பா நிறையச் சாம்பல் இருந்தது. வைத்தது நானில்லை.