பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் பாசிர் கூடாங் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் நகரும்போதெல்லாம் 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். பத்து வயதில் அந்தச் சத்தத்துக்கு அடியில் பாயைப் போட்டு உட்கார்ந்துதான், என்னைவிட நான்கு வயது மூத்த மலர் அக்காவுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். எழுத்தும் எண்ணும் அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும். பள்ளியில் சிறப்பு வகுப்பில் படித்தாள். பத்து மணிக்குத் தானே கிளம்பிக் கேண்டீனுக்குப் போய், தண்ணீர் வாங்கி, 'பாக்கி'யும் சரியாகக் கொண்டுவந்தால் அடுத்த ஆண்டு தொழிற்பயிற்சியில் சேர்ப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். "இல்லன்னா வீட்டுலயே கெடக்க வேண்டியதுதான்" என்று அம்மா அழுததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

எங்கள் கடிகாரமோ பத்து நிமிடம் முந்தி ஓடும். தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அப்பா செய்த ஏற்பாடு அது. நாங்கள் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். அக்காவுக்குக் கழித்தல் வராது என்பதால், பெரிய கெட்டிக்காரி மாதிரி நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன்: "பெரிய முள்ளு ரெண்டுக்கு வந்தாத்தான்க்கா சரியான மணி."

சோதனை நாளில் வகுப்புக் கடிகாரம் பத்தைக் காட்டியும் அவள் அசையவில்லை. முள் இரண்டைத் தொட்ட பிறகுதான் எழுந்து போனாளாம். இன்னும் தயாராகவில்லை என்று டீச்சர் எழுதியனுப்பிவிட்டார்.

"முள்ளு ரெண்டுக்கு வந்துச்சுதானே பாப்பா?" என்று அவள் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடந்ததையெல்லாம் அப்பாவிடம் கொட்டி, கடிகாரத்தைச் சரியான மணிக்கு வைக்கச் சொன்னேன்.

"அதைக் கொறைச்சா எனக்கு பஸ்ஸு போயிடும்லா" என்றார்.

அக்கா கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எந்த மணிப்பா நெசம்?"

அப்பா நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பி வைத்தார். அந்த வாரமே இரண்டு நாள் பஸ்ஸைக் கோட்டைவிட்டு, மழையில் மோட்டார் சைக்கிளில் போனார். ஆனாலும் மறுபடி முள்ளைத் தொடவில்லை. அம்மா டீச்சரிடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கிவந்தார். நான் சொல்லிக்கொடுத்த தப்பை நானே மறக்கடிக்க ஒரு மாதம் ஆயிற்று; "பன்னெண்டுலதான்க்கா, ரெண்டு இல்ல" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது, ஆனால் விடவில்லை. இரண்டாம் முறை அவள் டாணென்று பத்துக்கு எழுந்தாள். பச்சை ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்து, பாக்கி வரும்வரை வரிசையையே மறித்துக்கொண்டு கையை நீட்டியபடி நின்றாளாம்.

இப்போது தம்போய் பகுதியில் ஒரு சலவைக்கடையில் வேலை பார்க்கிறாள். அந்தக் கடிகாரமும் இல்லை, அப்பாவை ஏற்றிச்சென்ற பஸ்ஸும் வருவதில்லை. வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி. போன வாரம் வேலை முடிந்து அவளை அழைத்துவர நான் போனபோது, கடை வாசலில் பையோடு காத்திருந்தவள் தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பத்து நிமிசம் லேட்டு பாப்பா. இன்னும் ரெண்டுலயா பாக்குறே?"