உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்

அன்றைக்கு எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் சேகர், என் மாமியார், கைலாசபுரத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் கொழுந்தன் முருகன், வையம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த என் அண்ணன் ராஜு. அவ்வளவுதான், ஐந்து பேர். மகளை வேண்டுமென்றே டியூஷனுக்கு அனுப்பிவிட்டேன். டிவி பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் போனை ஆறாவது ஆளாகச் சேர்த்தாலும் தப்பில்லை. எல்லாரையும் கூப்பிட்டது நான்தான். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மூன்றாம் நாளே இப்படிக் கூட்டம் போடுகிறாளே, இடம் ஏதும் வாங்கப் போகிறாளோ என்று மாமியார் நினைத்திருப்பார். கொழுந்தன் சட்டையை இஸ்திரி போட்டே வந்திருந்தான்.

இந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் வேலை செய்கிறேன். போய்ச் சேர்ந்த முதல் வருஷம், அவர்களுடைய புத்தாண்டு. உறவுக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்கள். என் மேடமும் இரண்டு கையால் வாங்கி, பதிலுக்கு இரண்டு பழம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஏதோ சொன்னார். நான் வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்து எல்லாருக்கும் சிரித்து வைத்தேன். பிறகுதான் அவர் மகள் எனக்கு விளக்கினாள்: "என் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்காதீங்க. அவர் சூதாடுறவர். கேசினோவுக்குள்ள விடக் கூடாதுன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்." இதைத்தான் அம்மா அத்தனை பேரிடமும் சொன்னாராம். அங்கிள், அதான் மேடத்தின் வீட்டுக்காரர், பக்கத்திலேயே உட்கார்ந்து பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்! நான் பயந்துபோய் மேடத்திடம், "அங்கிள் போலீஸ்? ஜெயில்?" என்றேன். "நோ ஜெயில். டோர்," என்று கையால் கதவு சாத்திக் காட்டினார். அங்கிள் ஒரு சுளையை என்னிடம் நீட்டி, "குட் டோர்," என்றார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. எனக்கே ஒரு வாரம் புரியவில்லை. இங்கே சிங்கப்பூரில் ஒருவர் தானாகவே எழுதிக் கொடுத்து, தன்னை உள்ளே விடாதே என்று சொல்லலாம். பெண்டாட்டி பிள்ளைகளும் கேட்கலாம். விசாரித்துவிட்டுத் தடை போடுகிறார்கள். வாசலில் அடையாள அட்டையைத் தட்டினால் கதவு திறக்காது. இதையெல்லாம் செய்கிற அரசாங்கம்தான் அந்தக் கேசினோவுக்கு அனுமதியும் கொடுத்திருக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்கள் நுழைவதற்கே பணம் கட்ட வேண்டும். நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வாசல் சும்மா திறக்கும். சம்பள ஞாயிற்றுக்கிழமை, குளிரூட்டிய இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று போகிற தம்பிகளே, அந்தக் கதவு உங்களை மட்டும் ஏன் சும்மா விடுகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கேசினோ எல்லாம் இல்லை. அவர் காந்தி மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கையில் போன். அதில் ரம்மி. முதலில் பத்து ரூபாய், பிறகு நூறு, பிறகு கேட்காதீர்கள். அந்த ஆட்டத்தின் விளம்பரத்தில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கூப்பிடுவார்; கடைசியில் இன்னொரு குரல், பால் பொங்கி வழிகிற அவசரத்தில், அடிமையாகலாம், பொறுப்பாக விளையாடுங்கள் என்று ஓடிவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் ஆட மாட்டேன் என்று நாமே வரம்பு வைத்துக்கொள்ளவும் வசதி உண்டாம். அவரும் வைத்தார். அவரே தூக்கினார். நான் ஒன்பதாவதோடு நின்றவள், கம்பெனிக் கொள்கையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பார்த்துப் பூட்டிக்கோ என்று சொல்கிற பொறுப்பு என்ன பொறுப்பு? இப்போது பணம் கட்டி ஆடுவதற்கே சட்டம் தடை போட்டுவிட்டது. நல்லதுதான். ஆனாலும் அவர் போனுக்கு எங்கிருந்தோ லிங்க் வந்துகொண்டேதான் இருந்தது.

நான் சும்மாவே கவலைப்படுகிற ஆள். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். விமானத்தில் பெல்ட் போட்டபிறகும் பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்ப்பேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு: எது நடந்தாலும் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து முடிந்திருக்கும். அதனால் அன்றைக்கு என் குரல் நடுங்கவில்லை. மேடம் ஆரஞ்சுப் பழம் கொடுத்த மாதிரியே, நேராகச் சொன்னேன்.

"இவரு போன்ல காசு கட்டி ரம்மி ஆடுறாரு. பைனான்ஸ்ல நாப்பதாயிரம் வாங்கி, அதையும் விட்டுட்டாரு. அந்தக் கடன நான் அங்கேருந்து அனுப்பி அடைச்சேன். இனிமே யாரும் இவருக்குப் பணம் குடுக்காதீங்க."

மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீ அடைச்சியா? அப்ப என் செயின வித்த காசு எங்க போச்சு?"

"செயின் பீரோவுல இருக்குன்னு சொன்னியேம்மா?" என்றான் முருகன்.

"நீ சும்மா இருடா. உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

"எனக்கா? தீபாவளிக்கு முன்னாடி நாப்பதாயிரம் எண்ணிக் குடுத்தவனே நான்தான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, அண்ணிக்குத் தெரியவே கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்குனான்."

என் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப நாந்தான் கடைசி ஆளா? ஏழு கிடா வித்தேனே மாப்ள! உங்ககிட்ட மட்டும்தான் மச்சான் சொல்றேன்னீங்களே?"

எங்களிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், தெருவே பார்க்கும், உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நாங்கள் நாலு பேரும் குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிற ஒரே ஆள் நாம்தான் என்று வாயை மூடிக்கொண்டு, ஒரே கடனை நாலு தடவை அடைத்திருக்கிறோம். நம்ம ஊர்க் குடும்பங்களில்தான் இப்படி நடக்கும். வெளியே தெரியக் கூடாது என்று ஆரம்பித்து, உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரியாமல் வைத்திருப்போம்.

"நாலு தடவ அடைச்சாச்சுன்னா, இனிமே அந்தப் பைனான்ஸ்காரன்தான் நமக்கு வட்டி குடுக்கணும்," என்றார் அண்ணன். முருகன் சிரித்துவிட்டான். மாமியாருக்கே உதடு துடித்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"கடன் இன்னும் அப்படியேதான் இருக்கு. வட்டியோட அம்பத்திரண்டாயிரம்."

ஒவ்வொரு தடவையும் கட்டத்தான் கிளம்பினாராம். வழியில் வண்டியை நிறுத்தி, இதை இரண்டு மடங்காக்கினால் கடனும் தீரும், கொடுத்தவர்களுக்கும் திருப்பிவிடலாம் என்று ஒரு ஆட்டம். நாலு தடவையும் அதே ஒரு ஆட்டம்.

அந்த லீவோடு நான் ஊரிலேயே இருந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். அதற்கென்று சேர்த்த பணம் அறுபதாயிரம் என் கணக்கில் இருந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஒரு தடவ முடிச்சு விட்டுரும்மா. வீட்டு வாசல்ல வந்து நின்னா என்ன பண்றது?" முருகனும் அதையேதான் சொன்னான். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் சூதாடுகிறவர்களின் குடும்பங்களுக்கென்று நடக்கும் ஆலோசனைக் கூட்டத்துக்குப் போய்வந்த மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "யூ பே, ஹி ப்ளே." நீ கட்டினால் அவன் ஆடுவான்.

"முடிக்க மாட்டேன் அத்தை. முடிச்சா மறுபடி ஆரம்பிக்கும். அது அவர் கடன். அவர்தான் கட்டணும்."

"வாசல்ல வந்து நிப்பாங்கடி."

"நிக்கட்டும். காபி போட்டுக் குடுங்க."

அவர்கள் வருவதற்கு முன்னால் நானும் வீட்டுக்காரருமே போனோம். பைனான்ஸ்காரர் என்னை உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, மரியாதையாகத்தான் பேசினார். "சிங்கப்பூர் சம்பளம். ஒரே தடவையா முடிச்சுட்டு நிம்மதியா போங்களேம்மா?" நான் சொன்னேன்: "இவரு வண்டி ஓட்டி மாசா மாசம் மூவாயிரம் கட்டுவாரு. இனிமே இவருக்கு நீங்க குடுத்தீங்கன்னா, கேக்கறதுக்கு எங்க யார்கிட்டயும் வராதீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு." அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வட்டியை அதோடு நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டார். ரகசியம் போனதும் அவருக்குப் பாதி வியாபாரம் போய்விட்டது போலிருக்கிறது.

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். காவிரிப் பாலம் தாண்டினோம். அப்புறம் அவர், "வண்டி ஸ்டாண்டுலயும் சொல்லிரவா?" என்றார். சொன்னார். முதல் இரண்டு நாள் 'ரம்மி ராஜா' என்று கூப்பிட்டார்களாம். மூன்றாம் நாள் ஒருவர் அவரைத் தனியாக அழைத்துப்போய், தானும் ஆடுவதாக அழுதாராம். இரண்டு பேரும் சேர்ந்தே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறார்கள். பட்டன் போன் வைத்திருக்கிறார். ஒருமுறை வழுக்கினார்; யாருடைய போனையோ வாங்கி ஆடிவிட்டு, அன்றைக்கே எங்கள் நாலு பேருக்கும் அவரே சொன்னார். யாரும் பணம் கொடுக்கவில்லை. திட்டினோம், சாப்பிடச் சொன்னோம்.

என் அறுபதாயிரம் மகள் பெயரில், தொட முடியாத கணக்கில் கிடக்கிறது. அது போதாது என்பதால் நான் மறுபடி இங்கே வந்துவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம். மகள் ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், சொன்னபடியே வரவில்லை. அந்தக் கவலைக்கு மட்டும் நான் முன்கூட்டி ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

போன வாரம் இங்கே மறுபடியும் புத்தாண்டு. மேடம் வழக்கம்போல எல்லாரிடமும் அங்கிளைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் கை காட்டி, "ஹெர் ஹஸ்பண்ட் ஆல்சோ," என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை குனியவில்லை. எனக்கும் ஒரு ஜோடி பழம் கொடுத்தார், இரண்டு கையால்: ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. என்னுடையதைச் சாப்பிட்டுவிட்டேன். அவருடையது பிரிஜ்ஜில், மேடத்தின் கீரைக்குப் பக்கத்தில், தோல் சுருங்கிக்கொண்டு இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை, அனுப்பவும் வழியில்லை. நேற்று போனில் அதைச் சொன்னேன். சிரித்தார். இந்த மாசமும் கட்டிவிட்டாராம்.

பைனான்ஸ்காரருக்கு இன்னும் பாக்கி இருபத்தைந்தாயிரம் ரூபாய்.