பெரிய வெள்ளியில் சோறு

கொரட்டூரில் சகாயம்மாளுக்குத் தாராளக் கை என்று பேர். மண்ணூர்பேட்டைத் தையல் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் மிதித்துவிட்டு வந்தாலும், மகள் ஞானகுமாரியின் தட்டில் சோற்றைக் குவித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பதினைந்து வயதில் மகள் பள்ளிக்கூட பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டதில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு.

தொண்ணூற்று நாலில் பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்றார்கள். சகாயம்மாளுக்கு உயிரே போய்விட்டது. அடுத்த தெருவில் இருக்கும் அவள் அண்ணன் பாஸ்கல் தினமும் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்வதைப் பார்த்தவள். அந்த ஊசி மகளுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

டாக்டர் சுசீலா பயமுறுத்தவில்லை. "உடம்பு பெருத்துட்டதால இன்சுலின் சரியா வேலை செய்யல. சாப்பாட்டைக் குறைங்க, நல்லா நடக்க விடுங்க. ஈஸ்டருக்கு முன்னாடி குளுக்கோஸ் தண்ணி குடுத்துப் பார்ப்போம்" என்றார்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கும் நேரம், வசதியாகப் போயிற்று. சோறு பாதியானது. மகள் முணுமுணுத்துக்கொண்டே ஏரிக்கரையில் நடந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் போக, அம்மாவே சந்தோஷமாகப் பிடித்துத் தைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். சகாயம்மாள் விடுவாளா? பரீட்சை நெருங்கினால் விழுந்து விழுந்து படிப்பதில்லையா, அந்தக் கணக்கில் கடைசி வாரம் சோற்றையே நிறுத்திவிட்டாள். மோரும் வெள்ளரிக்காயும்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்கு மறுநாள் பரிசோதனை. வெறும் வயிற்றில் எடுத்த அளவு நன்றாக இருந்தது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்த பிறகு எடுத்ததோ எகிறிவிட்டது. சகாயம்மாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"இந்த வாரம் என்னம்மா சாப்பிட்ட?" என்று டாக்டர் கேட்டார்.

"சோத்தைக் கண்ணால பார்த்தே ஒரு வாரம் ஆவுது டாக்டர்" என்று ஞானகுமாரி போட்டுடைத்தாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோறே பார்க்காத உடம்புக்குத் திடீர்னு அவ்வளவு குளுக்கோஸ் குடுத்தா திணறத்தான் செய்யும். இந்த அளவை நம்ப முடியாது. இனிமே தினமும் அளவா இட்லி, சோறு சாப்பிடட்டும். அடுத்த திங்கள் திரும்பப் பார்ப்போம்."

நடுவில், ஏசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி வந்தது. அந்தத் தெருவில் அன்று மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மதியம் கோயிலில் ஊற்றும் கஞ்சிதான். சகாயம்மாள் வீட்டில் மட்டும் சாம்பார் கொதித்தது.

எதிர்வீட்டு ராஜம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா சகாயம், பெரிய வெள்ளியும் அதுவுமா சோறு வடிச்சிகினு கீற?"

"டாக்டரம்மா சொல்ட்டாங்க. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். எம் பொண்ணு பங்கு ஒருசந்தி நோன்பையும் சேர்த்து நான் இருக்கேன், போதுமா?"

சொன்னபடியே இருந்தாள். ஈஸ்டர் பிரியாணியைக்கூடத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்று சமாளித்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டர், "எல்லாம் நார்மல். அரைச் சோறும் நடையும் மட்டும் விடாதீங்க" என்றார். சகாயம்மாள் மறுபடி அழுதாள்.

"அதான் ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாங்களே. இப்ப ஏம்மா அழுவுற?"

"ரிசல்ட்டு வர்ற வரைக்கும் கஞ்சித் தண்ணி தவிர ஒண்ணும் தொட மாட்டேன்னு வேண்டிகினேன்டி" என்றாள் சகாயம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பசிக்குது."