நான் எடுக்காத திருவுளச்சீட்டு

எங்கள் வீட்டில் எந்த முடிவையும் அப்பா தானாக எடுத்ததில்லை. மாடு வாங்குவதா வேண்டாமா என்றால்கூட இரண்டு சீட்டு எழுதி, சிலுவைக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, ஜெபித்துவிட்டு என்னை எடுக்கச் சொல்வார். குழந்தை கை கடவுள் கை என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கையின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்! உப்பு வாங்கப் போய்ச் சோடா உப்போடு வந்த கை அது. ஞாயிறு பள்ளியில் நான் கை தூக்கிச் சொன்ன பதில்களும் அப்படித்தான். ஞானம் குறைவாக இருந்தால் கடவுளிடம் கேள், திட்டாமல் கொடுப்பார் என்று அங்கே பாடம் எடுத்த அக்கா சொல்லியிருந்தார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாய்ப்பாடுகூட மண்டையில் ஏறவில்லை.

அந்தத் தை மாதம் பூதலூர்ப் பக்கமெல்லாம் ஒரே கொந்தளிப்பு. அறுவடைக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் செங்கொடி நட்டிருந்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பது என்று மிராசுதார்கள் கூடி முடிவு செய்தார்கள். எங்களுக்கு இருந்தது சின்ன வயல். அதற்குத் தண்ணீர் பெரிய மிராசுதாரின் நிலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அவரைப் பகைத்தால் அடுத்த போகம் தரிசு. வெளியாட்களை இறக்கினாலோ, வருஷா வருஷம் எங்கள் வயலை அறுத்துக் கொடுத்தவர்களுக்குப் பட்டினி. ஞாயிறு பள்ளி அக்காவும் அவர் அம்மாவும் அந்த ஆட்களில்தான் இருந்தார்கள். கதிரோ முற்றித் தலை சாய்ந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் அப்பா ஒன்றில் நம்ம ஆட்கள், மற்றதில் வெளியாட்கள் என்று எழுதிச் சுருட்டிப் போட்டார். அம்மாவின் தம்பியான மாமா கழகத்துக்காரர். கறுப்பு சிவப்புத் துண்டை உதறிக்கொண்டு சிரித்தார்.

"ஏன் மச்சான், சீட்டுக் குலுக்கியா அறுக்கப் போறீங்க? மூளை எதுக்கு இருக்கு?"

"அதைக் குடுத்தவர்கிட்டதானே கேக்குறேன். சும்மா இரு மாப்ளே," என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எடும்மா."

தப்பாக எடுத்தால் அக்கா வீட்டு அடுப்பு என்னாலல்லவா அணையும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் எடுக்க மாட்டேன்ப்பா. அக்காவெல்லாம் இல்லாம வேற யாராச்சும் அறுத்தா, அந்தச் சோறு உங்களுக்கு இறங்குமாப்பா?"

அப்பா இரண்டு சீட்டையும் பிரிக்காமலே அடுப்பில் போட்டார்.

"இறங்காதும்மா," என்றார்.

"பாத்தீங்களா, என் மருமக பகுத்தறிவுக்காரி!" என்று மாமா குதித்தார்.

"அந்த அறிவக் குடுத்தது யாருடா?" என்று அம்மா அவர் வாயை அடைத்தாள்.

கேட்ட கூலிக்கு ஒப்புக்கொண்டு மறுநாளே அறுத்தோம். அக்கா அரிவாளும் கையுமாக வரப்பிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த போகத்துக்கு மிராசுதார் தண்ணீரை இழுத்தடிக்கத்தான் செய்தார். தாமதமாக நட்டோம், ஆனாலும் விளைந்தது. அதற்காக வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு அப்பா சீட்டு எழுதவே இல்லை. எதுவானாலும் "நீ என்னம்மா நெனக்கிற?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார். மக்கு என்று கேலி செய்கிறார் என நினைத்து அம்மா மடியில் விழுந்து அழுதேன். அவர் மெய்யாகவே என் பதிலுக்குத்தான் காத்து நின்றார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.